டார்ச் டெஸ்டில் ‘ஹெர்பிஸ் பாசிட்டிவ்’ என்று பயமுறுத்தினால் பணம் கட்டிவிடாதீர்கள்

18,500 ரூபாய். ஒரு குழந்தையின்மை சிகிச்சை மையம் எங்களிடம் பொய் சொல்லி வாங்கிய பணம் இது. பெயர் போடவில்லை. பெரிய போர்டு, ஏசி ஹால், சுவர் முழுக்கக் குழந்தைப் படங்கள் என்று இருக்கும் வகையறா.

எனக்கு இரண்டாவது முறையும் கரு கலைந்திருந்தது. காரணம் கண்டுபிடிக்கலாம் என்று டார்ச் பேனல் எழுதிக் கொடுத்தார்கள். டாக்ஸோ, ருபெல்லா, சைட்டோமெகலோ, ஹெர்பிஸ் (உடலுறவிலும் பரவக்கூடிய, கொப்புளம் வரவைக்கும் வைரஸ்) என்று நாலைந்து கிருமிகளை ஒரே ரத்தத்தில் பார்ப்பது. ரிப்போர்ட்டில் ஹெர்பிஸ் ஐஜிஎம் (கிருமியை எதிர்க்க ரத்தத்தில் உருவாகும் ஒரு வகை எதிர்பொருள்) மட்டும் தடித்த எழுத்தில் பாசிட்டிவ் என்றிருந்தது.

அங்கிருந்த கவுன்சலர் அம்மா கதவைச் சாத்தினார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தார். “உன் அக்கா மாதிரி சொல்றேம்மா. இது புதுசா வந்த தொற்று. ரெண்டு மூணு மாசத்துக்குள்ளதான் வந்திருக்கும். வீட்டுக்காரர் அடிக்கடி வெளியூர் போவாரா?” போவார், அவர் வேலையே அப்படித்தான் என்றேன். பதிலே சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். கரு கலைந்ததிலிருந்து என் கையைப் பிடித்துப் பேசிய முதல் ஆள் அந்த அம்மாதான். அவர் சொன்னதை நம்பாமல் எப்படி இருக்க முடியும்?

உடனே பேக்கேஜ் தாளை நீட்டினார்கள். இரண்டு பேருக்கும் வைரஸ் மாத்திரை, எதிர்ப்புச் சக்தி ஊசி, ஐஜிஎம் ‘இறங்கும் வரை’ மாதாமாதம் மறு டெஸ்ட். மொத்தம் 18,500 ரூபாய். அங்கேயே கார்டைத் தேய்த்தோம். அதற்கப்புறம் வீட்டில் நடந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை. என் கணவர் சத்தியம் செய்து அழுதார். நான் நம்பவில்லை.

கடைசியில் அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போனோம். ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே அங்கிருந்த டாக்டர், “உதட்டில் எப்பவாவது கொப்புளம் வருமா?” என்று கேட்டார். பள்ளிக்கூட நாளிலிருந்தே காய்ச்சல் வந்தால் எனக்கு உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் வரும். அதுவே ஹெர்பிஸ்தான் என்றார், முதல் வகை. (அக்கி வேறு. அது சின்னம்மைக் கிருமியால் வருவது.) பெரும்பாலும் சின்ன வயதிலேயே, முத்தத்திலும் எச்சிலிலும் ஒட்டிக்கொள்வது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 50 வயதுக்குட்பட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு இந்த முதல் வகை இருக்கிறது.

அப்புறம்தான் விஷயமே புரிந்தது. ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் ‘புதுத் தொற்று’ என்று அர்த்தமே கிடையாதாம். பழைய கிருமி உடம்புக்குள் மறுபடி தலைதூக்கினாலும் அது பாசிட்டிவ் காட்டும். ஒன்றுமே இல்லாதவருக்கும் தப்பாகக் காட்டும். முதல் வகையா, பெரும்பாலும் உடலுறவில் பரவும் இரண்டாம் வகையா என்று நம்பிப் பிரித்துச் சொல்லவும் அதற்கு வராது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதலே ஹெர்பிஸுக்கு ஐஜிஎம் பார்க்க வேண்டாம் என்கிறது. வகை பிரித்துப் பார்க்கும் ஐஜிஜி (இன்னொரு வகை எதிர்பொருள்) வேறு டெஸ்ட். தொற்று வந்த பிறகு அது ரத்தத்தில் தெரிய 12 வாரம்கூட ஆகலாம். அந்த ஐஜிஜியும் கிருமி எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாது. கிருமி பல வருடம் சத்தமில்லாமல் கிடந்துவிட்டு முதல் கொப்புளம் வரலாம். அப்படியிருக்க, ஒரு ஐஜிஎம் தாளை வைத்துக்கொண்டு என் கணவரின் வெளியூர்ப் பயணத்தை எப்படிக் கேட்டார்கள்? கரு கலைந்த காரணத்தைத் தேட இந்த டார்ச் டெஸ்ட்டே உதவாது என்றும் அந்த டாக்டர் சொன்னார்.

திரும்பிப் போய்ப் பணத்தைக் கேட்டோம். ரிசப்ஷனில், “டாக்டர் மீட்டிங்ல இருக்காங்க மேடம்.” கையைப் பிடித்துப் பேசிய கவுன்சலர் அம்மா எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. “ரிப்போர்ட் தப்புன்னா லேப்பைக் கேளுங்க” என்றார் மேனேஜர். லேப்காரர் ரிப்போர்ட்டின் கடைசி வரியைக் காட்டினார். ‘நோய் அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கவும்’ என்று எறும்பு சைஸ் எழுத்தில் போட்டிருந்தது. அதோடு அவர்கள் பொறுப்பு முடிந்ததாம். பேக்கேஜ் தொடங்கிவிட்டதால் 18,500 ரூபாயில் ஒரு பைசாகூடத் திரும்பாதாம். என் வீட்டில் ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதற்கு யார் பதில் சொல்வது?

இதைப் படிப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஐஜிஎம்மை மட்டும் வைத்து யாரையும் சந்தேகப்படாதீர்கள், மாத்திரையும் வாங்காதீர்கள். கொப்புளம் இருந்தால் அது காய்வதற்குள் போய் அதிலிருந்தே பிசிஆர் (கிருமியையே நேராகத் தேடும் டெஸ்ட்) எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாம் வகை ஐஜிஜியின் அளவு ரிப்போர்ட்டில் 3க்குக் கீழே ‘லேசாகப் பாசிட்டிவ்’ என்று வந்தால் வேறு முறையில் இன்னொரு டெஸ்ட் கேளுங்கள். கர்ப்பமாக இருக்கும்போது பிறப்புறுப்பில் புதிதாகக் கொப்புளமோ புண்ணோ வந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், பிரசவம் நெருங்கும் நேரத்தில் அது குழந்தைக்கு நிஜமாகவே ஆபத்து. பில்லை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் இல்லை. 18,500 ரூபாய் பில், ரிப்போர்ட், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மனு போடுகிறேன்.