லைப்ரரிக்குள் எட்டிப் பார்க்க விடும் கருவி: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

சென்னை மண்ணடியில், துறைமுகச் சரக்குக்குச் சுங்க வேலையை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்டுகளுக்கு மென்பொருள் எழுதும் சின்ன அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஷிப்பிங் பில், கன்டெய்னர் பட்டியல், கட்டணக் கணக்கு எல்லாமே ஜாவாதான். நிரல் எழுதப் பல வருடமாக இன்டெல்லிஜே ஐடியா என்ற கருவியைப் பயன்படுத்துகிறேன். ஒரு மெத்தட் (நிரலில் ஒரு வேலையைச் செய்யும் பகுதி) பெயரில் கர்சரை வைத்து கன்ட்ரோல்-பி அழுத்தினால், அது அடுத்தவர் எழுதிய நிரல் தொகுப்பாக, அதாவது லைப்ரரியாக, இருந்தாலும் நேராக உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடும். நான் மிக அதிகமாக நம்பியிருக்கும் வசதி இதுதான். கருவிகள் இப்படித் திறந்து காட்டலாமா, ஆவணத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா என்ற வாதம் எங்கள் தொழிலில் ஓயவே இல்லை. காட்டத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் என்னத்தைக் காட்டுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு இந்தப் பிடிவாதம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. லிங்கிச் செட்டித் தெருவில் இருக்கும் ஏஜென்ட் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. “தம்பி, கன்டெய்னர் கதவுல இருக்கிற நம்பரைப் பார்த்துத்தான் அடிச்சேன். உங்க சாஃப்ட்வேர் தப்புங்குது. வண்டி துறைமுக கேட்டுல நிக்குது.”

கன்டெய்னர் எண் ஐஎஸ்ஓ 6346 தரப்படி 11 இடம்: 4 எழுத்து, 6 இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். எழுத்துக்கும் மதிப்பு உண்டு: ஏ என்றால் 10, பி என்றால் 12. 11-இன் மடங்குகளைத் தாண்டிவிடுவார்கள். ஒவ்வொரு இடத்தின் மதிப்பையும் 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 11-ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதிதான் கடைசி இலக்கம். மீதி 10 வந்தால் 0 என்று போட வேண்டும். அப்படி வரும் எண்களைத் தவிர்க்கச் சொல்லித் தரம் பரிந்துரைக்கிறது, ஆனாலும் அப்படிப்பட்ட பெட்டிகள் வரத்தான் செய்கின்றன.

இந்தச் சரிபார்ப்புக்கு நாங்கள் காசு கொடுத்து வாங்கிய லைப்ரரி ஒன்று இருந்தது. ஆவணத்தில் ‘தரப்படி சரிபார்க்கும்’ என்று ஒரே வரி. சோர்ஸ், அதாவது அவர்கள் எழுதிய மூல நிரல், தரவில்லை. ஐடியா அதை டீகம்பைல் செய்து, அதாவது இயங்கும் கோப்பிலிருந்து நிரலைத் திரும்ப வருவித்து, காட்டியது: கமென்ட் எதுவும் இல்லை, மாறிகளுக்கெல்லாம் வார்1, வார்2 என்று பெயர். இருந்தாலும் 11-ஆல் வகுத்த மீதியை அப்படியே கடைசி இலக்கத்தோடு ஒப்பிடுகிறார்கள், 10-க்கென்று எந்த ஏற்பாடும் இல்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. அந்த ஒரு நிலையை மட்டும் எங்கள் பக்கத்தில் சமாளித்து, வண்டியை உள்ளே அனுப்பினோம். வெண்டருக்கு எந்த வரி என்றே எழுதினோம், அடுத்த பதிப்பில் திருத்தினார்கள். ஆவணம் மட்டும் கையில் இருந்திருந்தால் ‘உங்கள் எண் தப்பு’, ‘இல்லை, உங்கள் லைப்ரரி தப்பு’ என்று மெயிலிலேயே நாள் போயிருக்கும்.

சரி, இதில் சட்டச் சிக்கல் இல்லையா? நம் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம், 1957, பிரிவு 52, முறைப்படி வைத்திருப்பவர் ஒரு நிரல் எப்படி இயங்குகிறது என்று கவனித்து, சோதித்துப் புரிந்துகொள்வதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் கையெழுத்துப் போட்ட உரிம ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதையும் படித்துவிட வேண்டும்.

எதிர்த் தரப்பின் வாதமும் வலுவானதுதான். மாட்யூல், அதாவது நிரலின் தனிப் பகுதி, தன் உள்விவரத்தை மறைக்க வேண்டும் என்று கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் 1972-லேயே எழுதினார். உள்ளே பார்த்தால் அந்த விவரத்தின்மேல் சாய்ந்துவிடுவோம் என்பது உண்மை. எங்களிடம் வந்த ஒரு பழைய புராஜெக்டில், ஜாவாவின் உள் கிளாஸ் ஒன்றின் வெளியார் தொடக்கூடாத பிரைவேட் ஃபீல்டை ரிஃப்ளெக்‌ஷன் என்ற பின்வாசல் வசதி வழியாக எடுத்திருந்தார்கள். ஜாவா 8 பதிப்பில் ஓடிய அது 17-இல் நின்றுவிட்டது. ஆனால் ஜாவா இதை எப்படித் தடுத்தது என்று பாருங்கள்: உள்ளே கை வைப்பதைத்தான் பூட்டியது, சோர்ஸை மறைக்கவில்லை. ஜாவாவில் நிரல் எழுதத் தேவையான தொகுப்பான ஜேடிகே-யோடு சோர்ஸ் இன்றும் ஜிப் கோப்பாக வருகிறது. எனக்கு இதுதான் நியாயமான வழியாகப் படுகிறது.

எனக்கு உண்மையான கவலை வேறு. திரையில் தெரியும் சோர்ஸும் ஓடிக்கொண்டிருக்கும் பைனரியும் (கணினி இயக்கும் கோப்பும்) ஒன்றுதானா? 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திருட்டுத்தனமாக நுழைய வைத்த பின்கதவு இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் கண்டுபிடித்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை நொடி தாமதமானதுதான் அவருக்குத் துப்பு. பின்கதவைத் தூண்டிவிடும் பில்ட் ஸ்கிரிப்ட் (பைனரியை உருவாக்கும் கட்டளைக் கோப்பு), சோர்ஸை வைத்திருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும்தான் இருந்தது. களஞ்சியத்தை மட்டும் படித்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் உள்ள சோர்ஸ் லிங்க் வசதி, எந்த கமிட்டிலிருந்து (களஞ்சியத்தில் சேமித்த எந்த நிலையிலிருந்து) பைனரி வந்தது என்பதை, பிழை தேட உதவும் டீபக் தகவலிலேயே பதிந்துவைக்கிறது. ஜாவா பக்கம் அவ்வளவு கறாரான பிணைப்பு இல்லாதது எனக்குப் பெரிய குறை.

ஐடியா ஒரு விஷயத்தில் நேர்மையாக நடந்துகொள்கிறது: டீகம்பைல் செய்த கோப்பு என்றால் மேலேயே பட்டை போட்டுச் சொல்லிவிடும், அசல் சோர்ஸை இறக்கிக்கொள்ளவும் அங்கேயே வழி இருக்கும். டைப்ஸ்கிரிப்ட் மொழியில் இதே வேலையைச் செய்தால், பெயரும் வகையும் மட்டும் இருக்கும் வெறும் டைப் அறிவிப்புக் கோப்பில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார்கள். அசல் கோடுக்குப் போக 4.7 பதிப்பில், 2022-இல்தான், தனிக் கட்டளை வந்தது.

டீகம்பைல் செய்ததை வைத்து டீபக் செய்வது மட்டும் இன்னும் தலைவலிதான். பிழைத் தடம் சொல்லும் வரி எண் ஒன்றாக இருக்கும், திரையில் இருப்பது வேறாக இருக்கும். அதனால் இப்போது லைப்ரரி வாங்கும்போதே சோர்ஸ் ஜாரும் (சோர்ஸ் அடங்கிய கோப்பும்) வேண்டும் என்று விலைப்புள்ளி கேட்கும் கடிதத்தில் எழுதிவிடுகிறோம். ஜாவா லைப்ரரிகளின் பொதுக் களஞ்சியமான மேவன் சென்ட்ரலில் இலவசமாக வெளியிடுபவர்களுக்கே அது விதி; காசு வாங்குபவர்கள் தர மறுத்தால் அடுத்த வெண்டரைத் தேடுகிறோம்.