ஏழு குளிர்காலம் கண்ட காயில்ஓவர்: இறுகிப்போன வளையங்களும் அவற்றை விடுவித்த விதமும்

2017 மே மாதத்தில் என்னுடைய 2008 ஹோண்டா சிவிக் காருக்குக் காயில்ஓவர் சஸ்பென்ஷன் பொருத்தினேன். இதில் ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் அமர்ந்திருக்கும், ஷாக் அப்சார்பரின் உடல் முழுவதும் மரை வெட்டப்பட்டிருக்கும். அந்த மரையில் ஏறி இறங்கும் வளையங்களே ஸ்பிரிங்கைத் தாங்கும். நான் வாங்கியது முழு நீளமும் மாற்றக்கூடிய வகை என்பதால், ஸ்பிரிங்கின் இறுக்கத்தைத் தொடாமலேயே அடிப் பிராக்கெட்டை மரையில் சுழற்றிக் காரின் உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். காரை 40 மி.மீ. தாழ்த்தினேன், வளைவுகளில் அது நடந்துகொண்ட விதம் மனத்துக்கு மிகவும் பிடித்துப்போனதால் அடுத்த மூன்று ஆண்டுகள் எந்த வளையத்தையும் தொடவில்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தினமும் ஓடும் ஒரு காருக்கு நான் செய்த பெரிய பிழை அதுதான்.

இங்கே பனி உருக வீதிகளில் கொட்டப்படும் உப்பைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கமே இதே ஒன்ராறியோவில், கொடரிச் நகரத்தருகே ஹூரோன் ஏரியின் அடியில்தான் இருக்கிறது. அந்த உப்பு கலந்த சேறு சக்கரத்தின் உட்புறத்தில் அடித்து, நேராக மரையின் மேல்தான் படிகிறது. 2020 மே மாதத்தில் காரைச் சற்று உயர்த்த எண்ணி ஜாக்கியில் ஏற்றியபோது, முன்பக்கத்து இரண்டு அலகுகளிலும் ஒரு வளையம்கூட அசையவில்லை. கொக்கி ஸ்பேனரை வைத்து அழுத்தியதில் ஒரு வளையத்தின் பள்ளம் சிதைந்ததுதான் மிச்சம்.

பொறுமையாகப் பார்த்தபோது, ஒரே அலகில் இரண்டு விதமான அரிப்பு இருப்பது தெரிந்தது. மேலே இருந்த பூட்டு வளையமும் ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையமும் அலுமினியம். உடலோ துத்தநாகம் பூசிய எஃகு. முதல் ஓரிரு குளிர்காலங்களில் துத்தநாகப் பூச்சு தன்னைக் கொடுத்து மற்ற இரண்டையும் காத்திருக்க வேண்டும். அது தீர்ந்தபின், உப்புநீர் பாலமாக அமைய, அலுமினியம் எஃகுக்காக அரிபடத் தொடங்கிவிடுகிறது. அந்த அரிப்பால் உண்டாகும் வெள்ளைத் தூள், அது பிறந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், மரையின் இடுக்குகளை ஆப்பு வைத்ததுபோல் இறுக்கிவிடும். கீழே அடிப் பிராக்கெட்டுக்குள் நடந்ததோ வழக்கமான செந்துரு. எஃகுக்குள் எஃகு, நடுவில் வெளியேற வழியில்லாமல் தேங்கிய சேறு.

இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பலிக்காது என்பதை நான் தெரிந்துகொள்ள இரண்டு வார இறுதிகள் ஆயின. முதல் வேலை சுத்தம் செய்வதுதான். வளையம் பயணிக்க வேண்டிய மரையைப் பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, உலரவிட்டு, அதன் பிறகே ஊடுருவும் எண்ணெயை அடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் வளையத்தைச் சுழற்றினால், அது நான்கு மரை தூரம் நகர்ந்து, முன்னே கிடக்கும் அழுக்கில் மறுபடியும் சிக்கிக்கொள்ளும். எண்ணெயை மூன்று நாட்கள், காலையும் மாலையும் அடித்தேன். சக்கரம் தொங்கும்படி காரைத் தூக்கி, தாங்குகால்களின் மேல் நிறுத்தி, ஸ்பிரிங்கின் பாரம் வளையத்தின்மேல் இல்லாதபடி பார்த்துக்கொண்டேன்.

பூட்டு வளையமும் தாங்கும் வளையமும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருப்பவை. ஆகவே ஒரு ஸ்பேனரால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதால் எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். ஒற்றை ஸ்பேனரோடு போராடுவது வீண். இங்கே கராஜ் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் சொன்ன யோசனைதான் முதல் வளையத்தை அசைத்தது: “தம்பி, முதல்ல கொஞ்சம் இறுக்கிப் பாரும், பிறகு கழட்டலாம்.” இறுக்கும் திசையில் மயிரிழை அளவு அசைந்ததும் தூள் நொறுங்கி, எண்ணெய் உள்ளே போக வழி கிடைத்துவிடுகிறது. அதன்பின் முன்னும் பின்னுமாகக் கால் சுற்று, அரைச் சுற்று என்று நகர்த்தினேன்.

அதற்கும் இணங்காத வளையத்துக்குச் சூடு வைத்தேன். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், 50 மி.மீ. விட்டமுள்ள வளையத்தை உடலோடு சேர்த்து 100 பாகை செல்சியஸ் சூடேற்றினால் இரண்டுக்கும் இடையே சுமார் 0.05 மி.மீ. இடைவெளி கூடுகிறது. கேட்கச் சொற்பமாக இருந்தாலும் மரைக்கு அது போதும். ஆனால் எண்ணெய் அடித்த இடத்தில், அதுவும் உள்ளே அழுத்தப்பட்ட வாயுவும் எண்ணெயும் ரப்பர் சீலும் இருக்கிற ஒரு பொருளின்மேல், எரிவாயுச் சுடரைக் காட்டுவது அறிவீனம். சூடான காற்று ஊதும் ஹீட் கன்னை மட்டுமே பயன்படுத்தினேன். அதற்கு முன் எண்ணெயை நன்றாகத் துடைத்தேன். வளையத்தின்மேல் மட்டும் காற்றைச் செலுத்தினேன்.

பள்ளம் சிதைந்த வளையத்தைக் காப்பாற்ற முடியவில்லை. மெல்லிய வெட்டுத் தட்டால் குறுக்கே வெட்டி, மரையை எட்டுவதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்பாகவே நிறுத்தி, மீதியை உளியால் பிளந்தேன். மாற்று வளையம் வாங்கும்போது உள்விட்டம் மட்டுமல்லாமல் மரை இடைவெளியும் பொருந்த வேண்டும்.

இடது முன்பக்க அடிப் பிராக்கெட் மட்டும் காரில் இருக்கும்வரை வழிக்கு வரவில்லை. அலகு முழுவதையும் கழற்றி, தலைகீழாக நிறுத்தி, பிராக்கெட்டின் அடித்துளை வழியாக எண்ணெயை ஊற்றி மூன்று இரவுகள் ஊறவிட்டேன். பிறகு பிராக்கெட்டை வைஸில் பிடித்து, உடலைப் பட்டை ரென்ச்சால் சுற்றித் திருப்பியபோது, காதைக் கூசவைக்கும் ஒரு கிறீச்சொலியோடு அது இளகியது. உடலைப் பைப் ரென்ச்சால் கடிக்கவிடும் ஆசை எழும். அப்படிச் செய்தால் மரை நசுங்கி, விடுவித்த பயனே இல்லாமல் போகும்.

பின்சக்கரங்களின் சாய்வைச் சரிசெய்யும் கேம்பர் ஆர்ம்களிலும் பூட்டு நட்டுகள் இறுகியிருந்தன. அவற்றில் ஒரு முனை வலப்புரி, மறுமுனை இடப்புரி. இதை மறந்து, கழற்றுவதாக எண்ணிக்கொண்டு அரை மணி நேரம் நட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அதற்குப் பிந்தைய நான்கு ஆண்டுகள் வேறு கதை. நவம்பரில் பனிக்கால டயர் மாற்றும்போது காரை 20 மி.மீ. உயர்த்துவேன், ஏப்ரலில் மீண்டும் இறக்குவேன். மரை இடைவெளி 2 மி.மீ. என்பதால் பத்துச் சுற்று. ஒவ்வொரு முறையும் மரையைக் கழுவி, நீர் புகாத கிரீஸை மெல்லியதாகத் தடவி, மேலே லனோலின் கலந்த துருத்தடுப்பு எண்ணெயை அடிக்கிறேன். மரைக்கு மேல் மாட்டும் துணியுறை ஒன்றையும் முயன்றேன். ஒரே குளிர்காலத்தில் அது உப்புச்சேற்றை உள்ளே பிடித்துவைத்ததைக் கண்டு எறிந்துவிட்டேன். உயரம் மாறினால் சக்கரக் கோணங்களும் மாறும் என்பதால் ஆண்டுக்கு இருமுறை வீல் அலைன்மென்ட் செய்தாக வேண்டும். காயில்ஓவரின் விலையோடு இந்தச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. ஒருமுறை தாழ்த்திவிட்டு அப்படியே விடப்போகிறவருக்குத் தாழ்த்தும் ஸ்பிரிங் மட்டுமே போதும் என்பது என் எண்ணம். மாற்றிக்கொண்டே இருக்கப்போகிறவர், பணம் இடம்கொடுத்தால், துருப்பிடிக்காத எஃகு உடலும் பாலிமர் வளையமும் கொண்ட கேடபிள்யூ இனாக்ஸ் போன்றவற்றைப் பார்க்கலாம்.

ஷாக் அப்சார்பரின் விறைப்பைக் கூட்டிக் குறைக்கும் டாம்பிங் திருகுகளில், வலது முன்பக்கத்துத் திருகு மட்டும் இன்றுவரை நடுவில் சிக்கி நிற்கிறது. அதன் உள்ளே இருக்கும் மெல்லிய ஊசி முறிந்துவிடும் என்று அஞ்சி விட்டுவிட்டேன். 2024 வசந்தத்தில், ஏழாவது குளிர்காலம் முடிந்த கையோடு, வலது பின்பக்க ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசியத் தொடங்கியதால் அதைக் கழற்றினேன். பூட்டை இளக்க மட்டும் ஸ்பேனர் தேவைப்பட்டது. அதன்பின் இரண்டு வளையங்களும் கையாலேயே அடிவரை சுழன்று இறங்கின.