தீசிஸ் சென்டர் ரிவ்யூ: பைண்டிங்குக்கு 5 ஸ்டார், மத்ததுக்கெல்லாம் படியே ஏறாதீங்க

எங்க டிபார்ட்மென்ட் ஜூனியர்ஸ் மாசத்துக்கு ரெண்டு பேராவது கேக்கறாங்க, அக்கா அந்த பஸ் ஸ்டாண்டு பக்கத்து தீசிஸ் சென்டர் (பிஎச்டி தீசிஸுக்கு அனாலிசிஸ்ல இருந்து பைண்டிங் வரைக்கும் காசுக்குப் பண்ணித் தர்ற கடை) எப்படி, நம்பிக் குடுக்கலாமான்னு. ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துப் போச்சு, அதான் மொத்தமா இங்க எழுதிடறேன். கடை பேரு போட மாட்டேன். போட்டாலும் பிரயோஜனம் இல்ல, எந்த யுனிவர்சிட்டி வாசல்ல போய் நின்னாலும் இதே மாதிரி நாலு கடை இருக்கும், கீழ டீக்கடை, பக்கத்துல செருப்புக்கடை, மேல போற இருட்டுப் படியில 'பிஎச்டி கைடன்ஸ், எஸ்பிஎஸ்எஸ், ஸ்கோபஸ், பைண்டிங்'னு ஃப்ளெக்ஸ்.

நான் கிளினிக்கல் சைக்காலஜில பிஎச்டி, ஸ்கிசோஃப்ரீனியா இருக்கறவங்களை வீட்ல வச்சுப் பாத்துக்கற குடும்பத்துக்காரங்களைப் பத்தின ஸ்டடி. அவங்களுக்கு ஒரு குரூப் ப்ரோக்ராம் நடத்தி முன்னாடி பின்னாடி ஸ்கோர் எடுத்து கம்பேர் பண்ணணும். டேட்டா எடுக்கவே ஒன்றரை வருஷம் ஓடிருச்சு, பாதிப் பேர் ரெண்டாவது தடவை வரவே இல்ல, வீட்டுக்கே போய் உக்காந்து எடுத்தேன். அதுக்கப்புறம் ஸ்டாடிஸ்டிக்ஸ்னு சொன்னதும் கை கால் ஓடல. ஜேஆர்எஃப்ங்கற ரிசர்ச் ஸ்காலர்ஷிப் வாங்கறவங்களுக்கு மாசம் 37,000 வருது, எனக்கு அதுவும் கிடையாது, ஒரு காலேஜ்ல பார்ட் டைமா கிளாஸ் எடுத்துட்டுதான் படிச்சேன். அந்த நிலைமைல அனாலிசிஸுக்குன்னு அந்த சென்டர்ல 6,000 ரூபா எண்ணிக் குடுத்தேன்னா எவ்ளோ பயந்து போயிருப்பேன்னு பாத்துக்கோங்க.

முதல்ல உள்ள போனதும் பாத்த விஷயத்தைச் சொல்லிடறேன், என்னைக் கேட்டா இது ஒண்ணே போதும். சென்டர் நடத்தற அண்ணன் என் பென் டிரைவை வாங்கி சொருகிட்டு "டெஸ்க்டாப்ல போட்டுக்கறேன் மேடம்"னாரு. டெஸ்க்டாப் பூரா ஃபோல்டர், ஒவ்வொரு ஸ்காலர் பேர்லயும் ஒண்ணு. என்னோடதைத் தேடறேன்னு வேற ஒண்ணைத் தொறந்துட்டாரு. ஒரு எக்செல் ஷீட், முதல் காலம்ல பேஷன்ட் பேரு, அடுத்து வயசு, ஊரு, ஓபி நம்பரு, அதுக்கடுத்து டயக்னோசிஸ், தற்கொலை முயற்சி ஆமா/இல்ல. எனக்குப் பின்னாடி ஜெராக்ஸ் எடுக்க வந்த பசங்க நாலு பேர் நின்னுட்டிருந்தாங்க, ஸ்க்ரீன் அவங்களுக்கும் நல்லாவே தெரியும். அண்ணன் "ஐயோ இது இல்ல"ன்னு சாதாரணமா மூடிட்டாரு. எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. என் ஷீட்ல பேருக்குப் பதிலா பி001, பி002ன்னு கோட் நம்பர் மட்டும்தான், ஆனா அது என் புத்திசாலித்தனம்னு நினைச்சுடாதீங்க, எத்திக்ஸ் கமிட்டில ஒரு மேடம் பிடிச்ச பிடியில நின்னு பேரெல்லாம் எடுக்க வச்சாங்க, அன்னிக்கு அவங்களை மனசுக்குள்ள திட்டினேன், இன்னிக்குக் கும்பிடணும். 2017 மெண்டல் ஹெல்த்கேர் சட்டத்துல 23-வது பிரிவே இந்த ரகசியத்தைப் பத்திதான், நாமளே பரீட்சைக்கு உருப்போட்டு எழுதினதுதான். எழுதிட்டு வந்து டீக்கடை மாடியில குடுத்துட்டுப் போறோம்.

சரி, அனாலிசிஸ். பத்து நாள் கழிச்சு 43 பக்கம் பிரின்ட் அவுட் கையில குடுத்தாரு, டேபிள் டேபிளா இருந்துச்சு, பாக்கவே கெத்தா இருந்துச்சு, எல்லாத்துலயும் பி வேல்யூ 0.000, அதாவது வித்தியாசம் தற்செயலா வந்திருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மிங்கற மாதிரி. கைடு கிட்ட கொண்டு போனா மூணாவது பக்கத்துலயே நிறுத்திட்டாரு. "ஏம்மா, முன்னாடி எடுத்ததும் பின்னாடி எடுத்ததும் அதே ஆளுங்க தானே, எதுக்கு இன்டிபென்டன்ட் டி டெஸ்ட் போட்டிருக்கே?"ன்னாரு. வேற வேற ரெண்டு கூட்டத்துக்குப் போட வேண்டியதை ஒரே ஆளுங்களோட ரெண்டு ஸ்கோருக்குப் போட்டு வச்சிருக்காரு அண்ணன். எஃபெக்ட் சைஸ், அதான் மாற்றம் எவ்ளோ பெருசுன்னு சொல்ற நம்பர், எங்கயும் கிடையாது. திரும்பப் போய்க் கேட்டா "எல்லாருக்கும் இப்படித்தான் மேடம் போட்டுத் தரோம், யாரும் கேட்டதில்ல"ங்கறாரு, அதைக் கேட்டதும்தான் எனக்கு இன்னும் பயமா இருந்துச்சு. மாத்திப் போட 2,500 தனியாம்.

அந்த 2,500-ஐக் குடுக்கல. லேப்ல ஒரு சீனியர் ஜாஸ்ப்னு ஒரு சாஃப்ட்வேர் சொன்னாங்க, ஆம்ஸ்டர்டாம் யுனிவர்சிட்டில பண்ணது, காசே கிடையாது. ஹாஸ்டல் வைஃபைல இறக்கி அதே எக்செலை சிஎஸ்வி ஆக்கித் தொறந்தேன். இடது பக்கம் டிக் அடிச்சா வலது பக்கம் டேபிள் தானா மாறுது, எஃபெக்ட் சைஸ்னு ஒரு டப்பா, டிக் பண்ணா வந்துருது, அவ்ளோதான். ஒரு வாரம் ராத்திரி உக்காந்து யூட்யூப் பாத்து ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா (ஒரே ஆளுங்களைத் திரும்பத் திரும்ப அளந்தா போடற டெஸ்ட்) வரைக்கும் நானே போட்டேன். ஜமோவின்னு இன்னொண்ணும் இருக்கு, கிட்டத்தட்ட அதே மாதிரிதான், அதுவும் ஃப்ரீ. சாம்பிள் சைஸுக்கு, அதான் ஸ்டடிக்கு எத்தனை பேர் வேணும்னு கணக்குப் போட, ஜி பவர், டுசல்டார்ஃப் யுனிவர்சிட்டியோடது, ஸ்க்ரீனைப் பாத்தா விண்டோஸ் 98 காலத்து மூஞ்சி, ஆனா வேலை சுத்தம். வைவால, அதான் கடைசி நேர்முகத் தேர்வுல, கேள்வி கேட்டா சென்டர் அண்ணன் வந்து பதில் சொல்ல மாட்டாரு, நாமதான் நிக்கணும், அதை மட்டும் யோசிங்க.

ரெஃபரன்ஸ் லிஸ்ட் சரி பண்ண பக்கத்துக்கு இவ்வளவுன்னு ஒரு ரேட் வச்சிருக்காங்க. ஜோட்டேரோன்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டுக்கோங்க, வேர்டுக்குள்ளயே உக்காந்துக்கும், ஏபிஏ ஸ்டைல் செலக்ட் பண்ணா தானா அடுக்கிரும். ஃப்ரீயா 300 எம்பிதான் ஸ்டோரேஜ், பிடிஎஃப் எல்லாம் அதுல ஏத்தினா சீக்கிரம் நிறைஞ்சிரும், அதனால பிடிஎஃப்ஐ லேப்டாப்லயே வச்சுட்டு சிங்க்கை ஆஃப் பண்ணிருங்க. இதுக்கு மேல இதைப் பத்திப் பேச ஒண்ணுமில்ல.

அடுத்து பிளேஜியரிசம், அதான் காப்பி அடிச்சிருக்கான்னு பாக்கறது, இதுலதான் நல்லா கறக்கறாங்க. செக் பண்ண ஒரு ரேட், 'ரெட்யூஸ்' பண்ண ஒரு ரேட். என் ஜூனியர் பொண்ணு ஒருத்தி ரெட்யூஸுக்குக் குடுத்து வாங்கின சாப்டரை என்கிட்ட காட்டினா. ஏதோ மெஷின்ல போட்டு வார்த்தைக்கு வார்த்தை மாத்தியிருக்காங்க. மேஜர் டிப்ரெசிவ் டிஸார்டர்னு இருந்தது பிக் ஸாட் (பெரிய சோக) டிஸார்டர்னு ஆயிருக்கு, வொர்க்கிங் மெமரி எம்ப்ளாய்ட் மெமரி ஆயிருக்கு. சிரிச்சு முடிச்சப்புறம்தான் அவ அழறதைப் பாத்தேன். பர்சன்டேஜ் கம்மி ஆச்சு உண்மைதான், அர்த்தமும் கூடவே போயிருச்சு. இன்னொண்ணு, இவங்க யாரோட அக்கவுன்ட்ல செக் பண்றாங்கன்னே தெரியாது, ஃபைலை அந்த சாஃப்ட்வேரோட சேமிப்புக்குள்ள சேத்துட்டாங்கன்னா அப்புறம் யுனிவர்சிட்டில அஃபிஷியலா செக் பண்ணும்போது உங்க தீசிஸ் உங்க தீசிஸோடயே மேட்ச் ஆகி நிக்கும்.

இத்தனைக்கும் இது நமக்கு இலவசம். யுனிவர்சிட்டி லைப்ரரிகளை இணைக்கற மத்திய மையமான இன்ஃப்ளிப்நெட் 2019-ல ஆரம்பிச்ச ஷோத்சுத்தி திட்டம் மூலமா யுனிவர்சிட்டிகளுக்கு செக் பண்ற சாஃப்ட்வேர் குடுக்கறாங்க, லைப்ரரியில போய்க் கேட்டாலே போதும், எங்க லைப்ரரியன் சார் ரெண்டு நாள்ல ரிப்போர்ட் குடுத்தாரு, ஒரு பைசா வாங்கல. யுனிவர்சிட்டிகளுக்கு ரூல் போடற யுஜிசியோட 2018 ரூலையும் ஒருவாட்டி படிச்சுருங்க, மேட்ச் 10 பர்சன்ட் வரைக்கும் தண்டனையே இல்ல, 10-லேர்ந்து 40 வரைக்கும் போனா திருத்தி 6 மாசத்துக்குள்ள திரும்பக் குடுக்கணும், 60-க்கு மேல போனாதான் ரெஜிஸ்ட்ரேஷனே கேன்சல். ரெஃபரன்ஸ் லிஸ்ட், நன்றியுரை, முறையா மேற்கோள் காட்டினது இதெல்லாம் கணக்குலயே வராது. சென்டர்காரங்க 22 பர்சன்ட்னு காட்டிப் பயமுறுத்தின என் ஃபைல்ல பாதிக்கு மேல ரெஃபரன்ஸ் லிஸ்ட்தான்.

பயத்தைக் காட்டித்தான் அங்க முக்கால்வாசி வியாபாரமே நடக்குது. குழந்தை பொறந்து ஒரு வருஷம் கேப் விட்ட ஒரு அக்கா என் கண்ணு முன்னாடி உக்காந்திருந்தாங்க. "உங்களுக்கு டைம் முடியப் போகுது மேடம், எங்ககிட்ட ஃபுல் பேக்கேஜ் குடுத்தா மூணு மாசத்துல முடிச்சுரலாம்"னாரு அண்ணன். ஃபுல் பேக்கேஜ்னா அவங்களே எழுதிக் குடுக்கறது, வேற என்ன. அந்த அக்கா முகம் செத்துப் போச்சு. வெளிய வந்ததும் நான் போன்ல எடுத்துக் காட்டினேன், 2022 நவம்பர்ல வந்த யுஜிசி ரெகுலேஷன், பிஎச்டி முடிக்க 6 வருஷம், அது போக ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்ல இன்னும் 2 வருஷம், பொண்ணுங்களுக்கு அதுக்கு மேல 2, ஆக மொத்தம் 10 வரைக்கும் போகலாம், பேறுகாலம் குழந்தை வளர்ப்புன்னு 240 நாள் வரைக்கும் லீவு தனியா இருக்கு. "இதை ஏம்ப்பா ஆபீஸ்ல யாருமே சொல்லல"ன்னாங்க. ஆபீஸ்ல சொல்ல மாட்டாங்க, நாமளா பிரின்ட் எடுத்துட்டுப் போய் டேபிள்ல வைக்கணும். உங்க யுனிவர்சிட்டியோட சொந்த ரெகுலேஷனையும் சேத்துப் படிங்க.

பேப்பர் பப்ளிகேஷனும் அதே கதைதான், 45 நாள்ல ஸ்கோபஸ்னு, அதான் அந்தப் பட்டியல்ல இருக்கற ஜர்னல்ல பேப்பர் போட்டுத் தரோம்னு, போர்டு தொங்குது. பேப்பர் போட்டாதான் தீசிஸ் குடுக்க முடியும்ங்கற கட்டாயத்தை யுஜிசி அந்த 2022 ரூல்லயே எடுத்துருச்சு, உங்க யுனிவர்சிட்டி தனியா கேட்டா மட்டும்தான் கவலை. காசு குடுத்துப் போடற ஜர்னலை விட, போடாம இருக்கறது மரியாதை.

கிளினிக்கல் ஆளுங்களுக்குன்னு ஸ்பெஷலா ஒரு அலமாரி இருக்கு அங்க. டெஸ்ட் மேனுவல் ஜெராக்ஸ்! பெக் டிப்ரெஷன் இன்வென்டரி, ஐக்யூ டெஸ்ட்டு, எல்லாம் ஸ்பைரல் போட்டு அடுக்கி வச்சிருக்காரு, பலசரக்குக் கடை மாதிரி. பெக் காபிரைட் இருக்கற டெஸ்ட்டு, காசு குடுத்துத்தான் வாங்கணும், அந்த ஜெராக்ஸ்ல ரெண்டு ஐட்டம் கட் ஆகி வேற இருந்துச்சு. காசில்லன்னா டிப்ரெஷனை அளக்க பிஎச்க்யூ-9ங்கற கேள்வித்தாள் இருக்கே, யார் அனுமதியும் வேணாம், தமிழ் வெர்ஷனும் இருக்கு. வாழ்க்கைத் தரம் அளக்கணும்னா டபிள்யூஎச்ஓவோட 26 கேள்வி ஸ்கேல் தமிழ்லயே கிடைக்கும், அந்த ஸ்கேலை உருவாக்கும்போது உலகம் பூரா எடுத்த ஆய்வு மையங்கள்ல மெட்ராஸும் ஒண்ணு. ஐக்யூ டெஸ்ட் கேள்வியைப் போற வர்றவங்க எல்லாம் புரட்டிப் பாக்கற மாதிரி கவுன்டர்ல போட்டு வச்சா அந்த டெஸ்ட்டுக்கு அப்புறம் என்ன மதிப்பு.

ஒரு பையன் வந்து சிடிஆர்ஐல (இந்தியாவோட கிளினிக்கல் ட்ரையல் பதிவேடு) ரெஜிஸ்டர் பண்ணித் தர முடியுமான்னு கேட்டான், 3,000 ஆகும்னாரு அண்ணன். டேய் தம்பி அது ஃப்ரீடா, அதுவும் முதல் ஆளைச் சேக்கறதுக்கு முன்னாடியே பண்ணணும், 2018 ஏப்ரலுக்கு அப்புறம் பின்தேதி போட்டு எடுத்துக்கறதில்லன்னு சொன்னா, டேட்டா எல்லாம் எடுத்து முடிச்சுட்டேங்க்காங்கறான். அண்ணன் என்னை முறைச்சாரு.

கேரியர் ஆலோசனையும் இலவசமாத் தராரு. பிஎச்டி வந்ததும் போர்டு போட்டு கிளினிக் ஆரம்பிச்சுரலாமாம். ஆரம்பிக்க முடியாது. ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரம் குடுத்த எம்ஃபில்லோ சைடியோ மாதிரி படிப்பு முடிச்சு, சிஆர்ஆர்ங்கற அவங்க பதிவேட்டுல நம்பர் வாங்கினாதான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், வெறும் பிஎச்டிக்கு அந்த உரிமை கிடையாது. அந்தப் பதிவு இல்லாம பிராக்டிஸ் பண்ணா 1992 ஆர்சிஐ சட்டத்துல ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலே இருக்கு. சேரும்போதே இதைத் தெரிஞ்சுக்காம நாலு வருஷம் கழிச்சு முழிக்கறவங்களை நானே பாத்திருக்கேன்.

ஆர்ட்டிகிள் டவுன்லோடுக்கு ஒண்ணுக்கு 50 ரூபா. அரசு யுனிவர்சிட்டில படிக்கறவங்க தயவு செஞ்சு குடுத்துராதீங்க, 2025 ஜனவரில இருந்து மத்திய அரசோட ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் திட்டம் ஓடுது, 30 பப்ளிஷர், 13,000 ஜர்னல் கிட்ட, உங்க லாகின்லயே வரும். தனியார் காலேஜ் பசங்களுக்குத்தான் பாவம், அதுல இடமில்ல, ஆத்தருக்கு ரெண்டு வரி மெயில் போடுங்க, எனக்குப் பத்துல ஆறு பேர் அனுப்பினாங்க. பழைய தீசிஸ் வேணும்னா ஷோத்கங்கா, எல்லாருக்கும் ஓப்பன்.

இவ்ளோ திட்டிட்டு எதுக்கு 5 ஸ்டார்னு கேப்பீங்க. பின் ரூம்ல பைண்டிங் பண்ற பாய்க்கு. அவர் அண்ணனோட ஆளு இல்ல, இடம் வாடகைக்கு எடுத்துத் தனியா வேலை பாக்கறாரு. மைதா பசை வாசனை, ஓரத்துல வெட்டின பேப்பர் சுருள் சுருளா, பெரிய கட்டிங் மெஷின். ஃபெவிகால் வச்சு ஒட்டி அனுப்பற வேலையே கிடையாது, நூல் போட்டுத் தைக்கறாரு, 280 பக்கத்தை நடுவுல விரிச்சு டேபிள்ல வச்சாலும் அப்படியே படுக்குது. நீல ரெக்ஸின், தங்க எழுத்து, காப்பி ஒண்ணுக்கு 350.

சப்மிஷனுக்கு மொத நாள் சாயங்காலம், நான் அஞ்சு காப்பிக்கு அட்டை மேட்டர் எழுதிக் குடுத்துட்டு பிஸ்கட் தின்னுட்டு உக்காந்திருக்கேன். பாய் எழுத்துக் கோத்துட்டே நிறுத்தி கண்ணாடியைத் தூக்கிப் பாத்தாரு. "தங்கச்சி, சைக்காலஜில பி-க்கு அடுத்து எஸ்ஸா ஒய்யா?"ன்னாரு. நான் பி ஒய் எஸ்னு எழுதிக் குடுத்திருக்கேன். நாலரை வருஷம் படிச்ச சப்ஜெக்ட்டோட பேரு. "இந்த வார்த்தையை நான் நூறு வாட்டி கோத்திருக்கேம்மா, கை நின்னுருச்சு"ன்னாரு. அஞ்சு காப்பியும் தங்கத்துல தப்பாப் பதிஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா இப்பவும் வேர்க்குது.

போறவங்க காலைல 11 மணிக்கு முன்னாடி போங்க, வெள்ளிக்கிழமை மதியம் பாய் இருக்க மாட்டாரு. படி ஏறினதும் முதல் ரூம்ல ஏசி காத்து வரும், அங்க உக்காராதீங்க, நேரா பின்னாடி போயிருங்க. பென் டிரைவ்ல அட்டை பிடிஎஃப்பும் தீசிஸ் பிடிஎஃப்பும் மட்டும் இருக்கட்டும்.