ஐம்பது ரூபாய் ஆயில் சீலுக்கு எஞ்சினையே பிரிக்கச் சொன்னார்கள்: பழைய ஸ்பிளெண்டர் வைத்திருப்பவர்கள் படிக்கவும்

இதை எழுத வேண்டும் என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அந்தக் கடையின் பெயரை எழுதப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது தன் வழியில் போகட்டும். ஆனால் எனக்கு நடந்தது வேறு ஒருவருக்கும் நடக்கக் கூடாது. அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

என்னுடையது 2014-இல் வாங்கிய ஸ்பிளெண்டர். 61 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் திருமுல்லைவாயலிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு சி.டி.எச். ரோட்டில் போய் வருவேன். இத்தனை வருடத்தில் எஞ்சினை ஒருமுறைகூடப் பிரித்ததில்லை. போன ஐப்பசியில், காலையில் வண்டியை நகர்த்தினால் தரையில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொட்டு தெரிய ஆரம்பித்தது. முதலில் மழைத் தண்ணீரோடு வந்த அழுக்கு என்று விட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் பொட்டு மூன்றானது. செயின் பக்கமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. ஒருநாள் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து டயரைத் தொட்டுப் பார்த்தேன், பின் டயரின் இடது ஓரம் வழவழவென்று இருந்தது. ஈர ரோட்டில் அந்த டயரோடு அவளை உட்கார வைத்து வந்திருக்கிறேனே என்று வயிற்றைக் கலக்கியது. அன்றைக்கே வண்டியைக் கடைக்குக் கொண்டுபோனேன்.

மெக்கானிக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலேட்டரை இரண்டு முறை முறுக்கி, தலையை ஆட்டினார். "சார், போர் போயிடுச்சு. உள்ள பிரஷர் தாங்காம ஆயிலை வெளிய தள்ளுது. இப்படியே ஓட்டினா எஞ்சின் சீஸ் ஆயிடும்." போர் என்பது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்துளை, அது தேய்ந்துவிட்டது என்கிறார். சீஸ் என்றால் எஞ்சின் இறுகி ஓடாமல் நின்றுவிடுவது. புகையே வரவில்லையே என்று கேட்டேன். "இப்ப வராது சார், அடுத்த மாசம் வரும்" என்றார். போர், பிஸ்டன், ரிங்கு, ஃபுல் பேக்கிங் செட் (மூடிகளின் இணைப்பில் கசியாமல் இருக்க வைப்பது), ஆயில் சீல் செட் (சுழலும் தண்டுகளைச் சுற்றி எண்ணெயை அடைக்கும் ரப்பர் வளையங்கள்), ஆயில், கூலி என்று ஒரு வெள்ளைச் சீட்டில் எழுதி 6,800 ரூபாய் என்றார். பயத்தில் சரி என்றேன்.

மூன்று நாள் கழித்து வண்டி வந்தது. நன்றாகக் கழுவித் துடைத்துப் புதிது போல இருந்தது. பழைய பார்ட்ஸ் கேட்டேன். ஒரு பாலித்தீன் பையில் பிஸ்டன், ரிங்கு, இரண்டு மூன்று கிழிந்த பேக்கிங் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பையை வாங்கி வைத்தது நல்லதாய்ப் போயிற்று.

எட்டு நாள் தரை சுத்தமாக இருந்தது. ஒன்பதாம் நாள் பொட்டு திரும்ப வந்தது, அதே இடத்தில். மறுபடி போனேன். "கிளட்ச் சைடு பேக்கிங் லேசா கசியுது சார், ஃப்ரீயா பண்ணித் தரேன்" என்றார்கள். ஒரு மணி நேரத்தில் வலது மூடியைக் கழற்றி மாட்டித் தந்தார்கள். மூடியின் விளிம்பைச் சுற்றிக் கறுப்பு சிலிகான் புழு புழுவாகப் பிதுங்கி நின்றது. நான்கு நாள்தான், பொட்டு மறுபடி வந்துவிட்டது.

எங்கள் பக்கத்து வீட்டு ஐயா பஸ் டிப்போவில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைச் சுற்றி வந்தவர் கேட்ட முதல் கேள்வியே, "எங்கேயிருந்து வருதுன்னு பாத்தாங்களா தம்பி?" என்பதுதான். யாரும் பார்க்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எண்ணெய் சொட்டும் இடமும் கசியும் இடமும் எப்போதும் ஒன்றாக இருக்காது. ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும், நிறுத்தியதும் வழிந்து எஞ்சினின் தாழ்ந்த முனைக்கு வந்து அங்கேயிருந்து சொட்டும். அதனால் ஐயா முதலில் எஞ்சின் அடிப்பகுதி முழுவதையும் டீசலும் பழைய பல் பிரஷ்ஷும் கொண்டு கழுவச் சொன்னார். துணியால் துடைத்துக் காயவிட்டோம். அப்புறம் வீட்டிலிருந்து முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, மேக்னட் பக்கம், கிளட்ச் பக்கம், ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைச் சுற்றி, டேப்பட் மூடியைச் சுற்றி என்று எல்லா இடத்திலும் தட்டினார். எஞ்சின் வெள்ளை பூசியது போல ஆகிவிட்டது. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, சென்டர் ஸ்டாண்டு போட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். மேலே எல்லாம் பவுடர் அப்படியே உலர்ந்து கிடந்தது. கியர் லீவர் உள்ளே நுழையும் இடத்தில் மட்டும் ஒரு ஈரக்கோடு, பவுடரைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. அதைப் பார்த்த நிமிடம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. 6,800 ரூபாய் வாங்கியவர்கள் இந்த அரை மணி நேரத்தை எனக்காகச் செலவழிக்கவில்லை.

கியர் லீவரின் பத்தாம் நம்பர் போல்ட்டை முழுவதுமாக வெளியே எடுக்க வேண்டும். லீவர் மாட்டியிருக்கும் ஷாஃப்ட்டில் (தண்டில்) ஒரு பள்ளம் உண்டு, போல்ட் அதில் உட்கார்ந்திருக்கும். தளர்த்திவிட்டு இழுத்தால் வராது, சுத்தியால் தட்டுபவர்கள் ஷாஃப்ட்டைக் கெடுத்துவிடுவார்கள். லீவரையும் இடது பக்க மூடியையும் கழற்றியதும் உள்ளே சீல் தெரிந்தது. அதன் முகத்தின் மேல் சிலிகானை விரலால் வழித்துப் பூசியிருந்தார்கள். கைரேகைகூடப் பதிந்திருந்தது. சிலிகானை உரித்தால் அடியில் பழைய சீல், ரப்பர் கல் மாதிரி இறுகி, உதட்டில் முடி அளவுக்கு வெடிப்பு. "ஆயில் சீல் செட்" என்று நான் பணம் கொடுத்தது இதற்குத்தான்.

அப்புறம்தான் ஐயா மற்ற இடங்களையும் பார்க்க ஆரம்பித்தார். சிலிண்டர் ஃபின்களுக்கு (சூடு தணிக்கும் தகடுகளுக்கு) இடையில் வருடக்கணக்காகச் சூட்டில் வெந்து இறுகிய மண் அப்படியே இருந்தது. சிலிண்டரைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோய்ப் போர் பண்ணியிருந்தால் அது அங்கே இருக்க வழியில்லை. பாலித்தீன் பையை எடுத்துவரச் சொன்னார். பிஸ்டனின் தலையிலிருந்த கரியைத் துணியால் துடைத்து என்னிடம் நீட்டினார். 0.50 என்று முத்திரை இருந்தது. போரைப் பெரிதாக்கிய எஞ்சினுக்குப் போடும் ஓவர்சைஸ் பிஸ்டனில்தான் அந்த எண் இருக்கும். என் எஞ்சினை யாரும் தொட்டதே இல்லை. அப்படியானால் என் பிஸ்டன் ஸ்டாண்டர்டாக அல்லவா இருக்க வேண்டும்? யாருடைய வண்டியிலிருந்தோ கழற்றிய பிஸ்டனை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். அடுத்து பார்த்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "வெளிய இவ்வளவு பிதுங்கியிருந்தா உள்ளயும் இதே அளவு போயிருக்கும் தம்பி, திறந்துடுவோம்" என்று ஐயா சொன்னார். ஆயிலை வடித்து, கிக்கர், கிளட்ச் கேபிள் எல்லாம் கழற்றி வலது மூடியைத் திறந்தோம். பேக்கிங்கே இல்லை, வெறும் சிலிகான். உள்பக்கம் தொங்கிய இழைகள் பாதி அறுந்து போயிருந்தன. எஞ்சினின் அடியில் ஆயில் பம்பு எண்ணெயை உறிஞ்சும் வழியில் ஒரு சல்லடை இருக்கிறது. அதை உருவினால் கண்ணிகளில் கறுப்புச் சேமியா மாதிரி சிலிகான் சிக்கிக் கிடந்தது. இன்னும் கொஞ்சம் சேர்ந்திருந்தால் ஆயில் மேலே ஏறுவது குறைந்து எஞ்சின் உண்மையிலேயே சீஸ் ஆகியிருக்கும். என்னைப் பயமுறுத்த அவர் சொன்ன வார்த்தையை அவர் கையே நடத்திக் காட்ட இருந்தது.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய், பழைய சீலைக் காட்டி அதே அளவில் புதியது வாங்கினேன். உள்விட்டம், வெளிவிட்டம், கனம் என்று மூன்று அளவும் சீலின் முகத்திலேயே அச்சாகியிருக்கும். படம் பிடித்துக்கொண்டு போனாலும் போதும். சீல் ஐம்பது ரூபாய்க்குள். கிளட்ச் சைடு பேக்கிங், டிரெயின் போல்ட் வாசர், ஆயில் எல்லாம் சேர்த்து எழுநூறைத் தாண்டவில்லை.

மாட்டியதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்காக. பழைய சீலை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் ஷாஃப்ட்டில் கீறல் விழும், அதற்கப்புறம் எத்தனை புது சீல் போட்டாலும் கசியும். ஐயா சீலின் முகத்தில் ஒரு சின்ன மர ஸ்க்ரூவை, ஷாஃப்ட்டைத் தொடாமல், பாதிவரை ஏற்றினார். அதைக் குறடால் பிடித்து இழுத்ததும் சீல் வந்துவிட்டது. ஷாஃப்ட் முனையில் இருக்கும் பற்கள் புது சீலின் உதட்டைக் கிழிக்காமல் இருக்க செல்லோ டேப் சுற்றினோம். உதட்டில் எஞ்சின் ஆயில் தடவி, ஸ்ப்ரிங் இருக்கும் பக்கம் உள்ளே பார்க்கும்படி வைத்து, சீலின் வெளிவிட்டத்துக்குச் சரியான ஒரு பாக்ஸ் ஸ்பேனரை மேலே வைத்து மெதுவாகத் தட்டினோம். சாயாமல் போக வேண்டும், அவ்வளவுதான் வேலை.

வலது மூடியின் விளிம்பில் ஒட்டியிருந்த சிலிகானைச் சுரண்ட நான் பிளேடை எடுத்தேன். ஐயா பிடுங்கிக்கொண்டார். அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அதுவே அடுத்த கசிவுக்கு வழி. காலாவதியான ஏ.டி.எம். கார்டால் சுரண்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எட்டாம் நம்பர் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். சின்ன டி ஸ்பேனரில் மணிக்கட்டு பலம் போதும், பைப் சொருகி இறுக்கினால் மரை போய்விடும். என் டிரெயின் போல்ட்டில் வாசருக்குப் பதிலாகக் குழாய்க்குச் சுற்றும் டெஃப்லான் டேப்பைச் சுற்றி வைத்திருந்தார்கள். நல்லவேளை, மரை பிழைத்திருந்தது.

ஆயிலையும் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தார்கள். வடித்தால் ஒரு லிட்டரைத் தாண்டி வந்தது. இந்த வண்டிக்கு ஆயில் மாற்றும்போது அவ்வளவு தேவையே இல்லை. அதிகமானால் உள்ளே அழுத்தம் கூடி, பலவீனமான சீல் வழியாக வெளியே வரும். எஞ்சினின் மூச்சுக் குழாய் மடங்கியிருந்தாலும் அழுக்கு அடைத்திருந்தாலும் இதே கதைதான். டிப் ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு, மரையில் திருகாமல் சும்மா நுழைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். நான் இத்தனை வருடம் திருகித்தான் பார்த்திருக்கிறேன்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்கும் கடையில் கொடுத்துவிட்டேன்.

பையையும் சல்லடையிலிருந்து எடுத்த சிலிகானையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். சண்டை போடும் எண்ணம் இல்லை. 0.50 முத்திரையைக் காட்டினேன். "பசங்க பை மாத்திக் கொடுத்திருப்பாங்க சார்" என்றார். அப்படியென்றால் என் பிஸ்டன் எங்கே என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. பில் கேட்டேன், அந்த வெள்ளைச் சீட்டுதான் பில் என்றார். ஆயிரம் ரூபாய் திருப்பித் தருகிறேன், விட்டுவிடுங்கள் என்றார். நான் வாங்கவில்லை.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண். கூப்பிட்டுப் பதிந்தேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பணம் வாங்கிக்கொண்டு செய்யும் பழுதுவேலையும் சேவைதான், அதில் குறை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. நான் பணத்தை யூ.பி.ஐ.யில் அனுப்பியிருந்தேன், அதனால் அதற்கு ஆதாரம் இருக்கிறது. சீட்டில் கடை முத்திரையும் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை. முதல் நாளே கேட்டு வாங்கியிருக்க வேண்டியது அது.

எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று யார் சொன்னாலும், கசியும் இடத்தை விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். போர் போயிருந்தால் சைலன்சரில் நீலம் கலந்த புகை வரும், இழுவை குறையும், வெளியே சொட்டாமலே ஆயில் அளவு இறங்கும். இது எதுவும் இல்லாமல் தரையில் பொட்டு மட்டும் விழுகிறது என்றால் பெரும்பாலும் ஒரு சீல், ஒரு ஓ-ரிங், ஒரு வாசர், இல்லை ஒரு பேக்கிங். பிரித்தே ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் நின்று பாருங்கள். நிற்க முடியாவிட்டால் சிலிண்டர், ஹெட், போல்ட் தலைகளை முதல் நாளே போனில் படம் எடுத்து வையுங்கள். நான் அதைச் செய்யவில்லை. ஃபின் நடுவில் இருந்த மண்ணை இப்போது எடுத்த படம் இருக்கிறது, முன்னால் எடுத்தது இல்லை. ஆணையத்துக்குப் போகும் நிலை வந்தால் அது எனக்குக் கொஞ்சம் பாதகம்தான்.

வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்திருக்கிறேன். மகள் பள்ளிக்குக் கிளம்பும் முன் அவள்தான் குனிந்து பார்ப்பாள். ஏழு வாரமாக அட்டை காய்ந்தே இருக்கிறது.