பாட்டில் கடலை டிரெஸ்ஸிங்: காரம் இருக்கிறது, புளிப்புதான் சரியில்லை

'காரமான தாய்லாந்து பாணி வேர்க்கடலை டிரெஸ்ஸிங்' என்று லேபிள் ஒட்டிய பாட்டில் ஒன்றை வாங்கினேன். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். குலுக்கி ஊற்றினால் ஒரே சீராக விழுகிறது, எண்ணெய் தனியாகப் பிரிவதில்லை. முட்டைக்கோசு, கேரட், வெள்ளரி எதன் மேல் ஊற்றினாலும் நன்றாக ஒட்டிக்கொள்கிறது. அவசரத்துக்கு உதவும்.

சுவைதான் பிரச்சினை. நாக்கில் பட்டதும் இனிப்பு, உடனே வினிகரின் குத்தல். கடலை அதற்குப் பின்னால் எங்கோ நிற்கிறது. பாட்டிலைத் திருப்பிப் படித்தபோது காரணம் தெரிந்தது. சேர்மானப் பட்டியலை எடை குறையும் வரிசையில்தான் எழுதுவார்கள். இதில் தண்ணீர், சர்க்கரை, எண்ணெய் எல்லாம் போன பிறகுதான் கடலையின் பெயரே வருகிறது. குழம்பாக நிற்பதும் கடலையால் அல்ல, சாந்தன் கம் என்ற கெட்டியாக்கும் பொருள் போட்டிருப்பதால். கடலை டிரெஸ்ஸிங் என்று விற்கிறவர்கள் கடலையில் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டியிருக்க வேண்டாம்.

காரத்தைக் குறை சொல்ல மாட்டேன். கொஞ்சம் தாமதமாக ஏறுகிறது, அது இயல்புதான். மிளகாயின் காரம் கொழுப்பில் கரையக்கூடியது; கடலையிலோ பாதிக்குப் பாதி கொழுப்பு. அதனால் முதல் வாயில் சாதுவாகத் தெரிந்து, மூன்றாவது வாயில்தான் கண்ணைத் திறக்கும். வீட்டில் செய்தாலும் இப்படித்தான், ஆகவே ருசி பார்த்த கையோடு இன்னும் மிளகாய் போடாதீர்கள்.

புளிப்பைப் பற்றித்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது. தாய்லாந்தில் சதேவுக்கு, அதாவது குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சிக்கு, தரும் கடலைச் சாஸ் அவ்வளவு புளிக்காது. தேங்காய்ப்பாலும் சிவப்புக் கறி விழுது என்ற தாய்லாந்து மிளகாய் மசாலாவும் சேர்ந்து கொதித்த, கொழுகொழுவென்ற இனிப்புக் காரம் அது. புளிப்புக்குப் பக்கத்திலேயே வெள்ளரியும் சின்ன வெங்காயமும் மிளகாயும் வினிகரில் ஊறிய ஒரு தட்டு வரும். ஒரு கடி இது, ஒரு கடி அது. சாலட் மேல் ஊற்றும்போது அந்தத் தட்டு இருக்காது, அதனால் புளிப்பைச் சாஸுக்குள்ளேயே கொண்டுவந்தாக வேண்டும். பாட்டில்காரர்கள் இதற்கு வெறும் வினிகரை நம்பிவிட்டார்கள்.

நான் வீட்டில் புளிப்பை இரண்டு தடவையாகச் சேர்க்கிறேன். அரை கப் தேங்காய்ப்பாலில் மேலாக நிற்கும் கெட்டிப் பகுதியை மட்டும் முதலில் சூடாக்கி, எண்ணெய் பிரிந்ததும் இரண்டு டீஸ்பூன் சிவப்புக் கறி விழுதைப் போட்டு வதக்குவேன். விழுதிலுள்ள அரத்தையும் எலுமிச்சைப் புல்லும் மணக்க ஆரம்பித்ததும் மீதிப் பால், வறுத்துப் பொடித்த கடலை அரை கப், ஒரு டேபிள்ஸ்பூன் பனஞ்சர்க்கரை, அதே அளவு புளிக்கரைசல், ஒரு டீஸ்பூன் மீன் சாஸ். சிறு தீயில் ஐந்து நிமிடம் போதும். புளி கொதியைத் தாங்கும், எலுமிச்சைச் சாறு தாங்காது, அதன் வாசனை போய்விடும். அதனால் எலுமிச்சையை அடுப்பை அணைத்து ஆறவைத்த பிறகுதான் பிழிவேன். பொடியாக நறுக்கிய பச்சை மிளகாயும் அப்போதுதான். விழுதில் வெந்த காரம் அடியில் இருக்கும், பச்சைக் காரம் மேலே துள்ளும். பாட்டிலில் இந்த இரண்டாவது காரம் வரவே வராது.

கடலையை வறுக்கப் பொறுமை இல்லையென்றால் பீனட் பட்டர் போடலாம், சர்க்கரை சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டதும் இளகுவதற்குப் பதிலாக இறுகும். பயப்பட வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தால் தானாக வழிக்கு வரும்.

மதிப்பெண் கேட்டால், டிரெஸ்ஸிங் பாட்டிலுக்கு ஐந்துக்கு இரண்டு. அந்தக் காசுக்கு நல்ல சிவப்புக் கறி விழுது ஒரு டப்பா வாங்குவேன். காய்ந்த மிளகாய், அரத்தை, கொத்தமல்லி வேர், பூண்டு எல்லாம் இடித்துச் சேர்க்கும் வேலையை அது மிச்சப்படுத்துகிறது. வீட்டில் செய்யச் சிரமமானது அது ஒன்றுதான். ஆனால் சைவம் சாப்பிடுகிறவர்கள் டப்பாவைப் படித்துவிட்டு வாங்குங்கள், பெரும்பாலும் இறால் விழுது இருக்கும். மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ் விட்டால் சமாளிக்கலாம். உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள், விழுதிலேயே நிறைய இருக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாகிவிடும், இரண்டு ஸ்பூன் வெந்நீர் விட்டுக் கலக்கினால் சரியாகிவிடும்.