சிவப்புப் பட்டை சோமென்: இபோ நோ இட்டோ பொட்டலத்தை வாங்கலாமா, எப்படிச் சமைக்க வேண்டும்?

ஜப்பானில் ஜூலை பிறந்ததும் சூப்பர் மார்க்கெட் வாசலிலேயே சோமென் பொட்டலங்களை அடுக்கிவிடுவார்கள். மயிரிழை போன்ற வெள்ளைக் கோதுமை நூடுல்ஸ். அதைக் குளிரவைத்து, குளிர்ந்த சாற்றில் தொட்டுச் சாப்பிடுவது அந்நாட்டின் கோடைச் சாப்பாடு. புழுக்கத்தில் அடுப்படியில் நிற்க யாருக்கும் மனம் வராத நாளில், தண்ணீர் கொதித்த பிறகு இரண்டு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். அந்த அடுக்கில் எந்தக் கடையிலும் தவறாமல் கண்ணில் படுவது இபோ நோ இட்டோ. 'இபோவின் நூல்' என்று பொருள். ஹியோகோ மாநிலத்தில் இபோ ஆறு ஓடும் டாட்சுனோ வட்டாரம்தான் இதன் ஊர்.

இது ஒரே ஆலையில் வரும் சரக்கு அல்ல. 1887இல் தொடங்கிய சங்கம் ஒன்றின் வழியில் வந்த கூட்டுறவுச் சங்கத்தின் கீழ், நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் செய்து தருகின்றன. தரம் பார்த்துப் பட்டை கட்டுவது சங்கம். ஆகவே வாங்கும்போது பெயரைவிட, 50 கிராம் கட்டைச் சுற்றியிருக்கும் பட்டையின் நிறத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சிவப்புப் பட்டை என்றால் 'ஜோக்யூ'. இழையின் தடிமன் 0.70 முதல் 0.90 மில்லிமீட்டர், ஒரு கட்டில் ஏறக்குறைய 400 இழை. கடைகளில் அதிகம் கிடைப்பது இதுதான். 300 கிராம் பொட்டலத்தில் ஆறு கட்டு இருக்கும். கறுப்புப் பட்டை 'தொக்யூ'. நல்ல மாவு, 0.65 முதல் 0.70 மில்லிமீட்டர், ஒரு கட்டில் சுமார் 480 இழை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான கடுங்குளிரில் மட்டுமே செய்கிறார்கள். அதற்கும் மேலே 'சான்ஷின்', 0.55 முதல் 0.60 மில்லிமீட்டர், இது பெரும்பாலும் பரிசுப் பெட்டியில் போகும் பொருள்.

வீட்டுச் சாப்பாட்டுக்கு நான் சொல்வது சிவப்புப் பட்டை. விலைக்காக மட்டும் சொல்லவில்லை. கறுப்புப் பட்டை தொண்டையில் இறங்குவதே தெரியாமல் வழுக்கிப் போகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அரை நிமிடம் கூடுதலாக வெந்தாலே அந்த மெல்லிய இழை துவண்டுவிடும். சிவப்பு அந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். குழந்தைகள், விருந்தாளிகள் என்று நாலைந்து பேருக்குச் சமைக்கும்போது இது பெரிய வித்தியாசம். வேகவைத்தும் கழுவியும் கை பழகிய பிறகு கறுப்புக்குப் போங்கள். அப்போதுதான் கூடுதலாகக் கொடுத்த காசு நாக்குக்குத் தெரியும்.

பக்கத்திலேயே மலிவு விலையில் இயந்திர சோமெனும் இருக்கும். அது மாவைத் தகடாகத் தேய்த்துக் கத்தியால் கீறியது. இபோ நோ இட்டோவோ மாவை முறுக்கி, ஊறவிட்டு, மறுபடி இழுத்து, மறுபடி ஊறவிட்டு, ஏறக்குறைய இரண்டு நாளில் நூலாக்கியது. இழுக்க இழுக்கக் கோதுமையின் பசைப்புரதம் இழையின் நீளவாக்கில் ஒழுங்குபடுகிறது. அதனால்தான் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இழை பல்லில் கடிபடுகிறது. இழுக்கும்போது ஒட்டாமலும் காயாமலும் இருக்க மேலே எண்ணெய் தடவுவார்கள். பொட்டலத்தில் மாவு, உப்பு, தாவர எண்ணெய் என மூன்றே பொருள் எழுதியிருக்கும். இந்த எண்ணெயையும் உப்பையும் நினைவில் வையுங்கள், சமையலில் நடக்கும் தவறுகளில் பாதி இவற்றால் வருபவை.

உப்பு எவ்வளவு தெரியுமா? கையால் இழுத்த சோமென் 100 கிராமில், உலர்ந்த நிலையில், சுமார் 5.8 கிராம். பயப்பட வேண்டாம், வேகவைத்துக் கழுவினால் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். வெந்த சோமென் 100 கிராமில் 0.3 கிராம் அளவே மிஞ்சும். ஆனால் நிறையத் தண்ணீரில் வேகவைத்து நன்றாகக் கழுவினால்தான் இந்தக் கணக்கு. சேமியா உப்புமாவுக்குச் செய்வதுபோல் அளவுத் தண்ணீர் வைத்து வற்றவிட்டால் வாயில் வைக்க முடியாது. கொதிக்கும் தண்ணீரில் உப்பும் போடக் கூடாது, எண்ணெயும் விடக் கூடாது.

ஆளுக்கு இரண்டு கட்டு, அதாவது 100 கிராம். பசி அதிகமென்றால் மூன்று. 100 கிராமுக்குக் குறைந்தது ஒரு லிட்டர் தண்ணீர். இருவருக்கு நான்கு கட்டு, இரண்டரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கட்டுகளின் பட்டையையும் அடுப்பு மூட்டும் முன்பே அவிழ்த்துத் தட்டில் வைத்துவிடுங்கள். கொதிக்கும் பாத்திரத்தின்மேல் ஒவ்வொன்றாக அவிழ்த்துப் போட்டால் முதல் கட்டுக்கும் கடைசிக் கட்டுக்கும் இருபது முப்பது விநாடி இடைவெளி விழும். மொத்தம் வேகும் நேரமே 90 விநாடி என்னும்போது அது மிக அதிகம்.

தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது இழைகளை விசிறிபோல் பரப்பி ஒரே மூச்சில் போட்டு, உடனே நீளக் குச்சியால் பத்து விநாடி கிளறி விடுங்கள். முதல் பத்து விநாடியில் ஒட்டியது பிறகு பிரியாது. சிவப்புப் பட்டைக்கு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் என்று பொட்டலம் சொல்லும். குளிர்ந்த சாற்றில் தொட்டுச் சாப்பிட ஒன்றரை நிமிடமே போதும். பொங்கினால் தணலைக் குறையுங்கள், பச்சைத் தண்ணீர் தெளிக்காதீர்கள். தெளித்தால் சூடு இறங்கி, இழை வேகாமல் ஊற ஆரம்பிக்கும், மேல்புறம் கூழாகிவிடும். உமேபோஷி என்னும் உப்பில் ஊறிய புளிப்புக்காய் ஒன்றைக் கொதிநீரில் போடும் வழக்கம் ஜப்பானிய வீடுகளில் உண்டு. அதன் புளிப்பு, மாவுச்சத்து கரைந்து வருவதைக் குறைக்கும், இழை வழுவழுப்பாக நிற்கும்.

இனி வருவதுதான் சோமெனின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் கட்டம். பலரும் சல்லடையில் வடித்து, குழாயடியில் ஒருமுறை காட்டிவிட்டுத் தட்டில் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எண்ணெய் வாடையும் மாவு வழவழப்பும் அப்படியே இருக்கும். 'இந்த நூடுல்ஸில் பழைய எண்ணெய் வாசம் வருகிறது' என்று சொல்பவர்களில் அநேகர் சரியாகக் கழுவாதவர்கள். முதலில் ஓடும் தண்ணீரில் சூட்டை மட்டும் போக்குங்கள், கை வைக்காதீர்கள். சூடான இழை கைபட்டால் அறுந்துபோகும். ஆறியதும் இரண்டு கையாலும் துணி கசக்குவதுபோல் உரசிக் கழுவுங்கள். பயமாகத்தான் இருக்கும், ஆனால் இழுத்துச் செய்த இழை அதைத் தாங்கும். கலங்கல் போய்த் தண்ணீர் தெளிந்து, விரலில் வழவழப்பு நின்றதும் நிறுத்தலாம். கடைசியாக ஐஸ் தண்ணீரில் அரை நிமிடம். ஆகஸ்டில் ஜப்பானிய நகரங்களின் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும், ஐஸ் இல்லாமல் இழை இறுகாது.

உணவகங்களில் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, ஐஸ் மிதக்க, அதில் சோமெனை மிதக்கவிட்டுத் தருவார்கள். கண்ணுக்குக் குளிர்ச்சி, நாக்குக்கு நட்டம். இழை ஊறிக்கொண்டே போகும், ஒவ்வொரு வாய்க்கும் சாறு நீர்த்துக்கொண்டே போகும். நன்றாக வடித்து, இரண்டு விரலால் ஒரு வாய் அளவுக்குச் சுருட்டி மூங்கில் தட்டில் அடுக்குவதே நல்லது. பார்ப்பதற்கு இடியாப்பச் சிம்பு மாதிரி இருக்கும், எடுக்கும்போதும் சிக்காது. பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

தொட்டுக்கொள்ளும் சாற்றின் பெயர் மென்ட்சுயு. புட்டியில் கிடைக்கிறது, அதில் '2 மடங்கு', '3 மடங்கு' என்று செறிவு போட்டிருக்கும். 3 மடங்குப் புட்டியானால் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு குளிர்ந்த தண்ணீர். அவசரத்துக்குப் பழுதில்லை. ஆனால் இனிப்பு தூக்கலான புட்டிச் சாறு இந்த நூலின் கோதுமை மணத்தை மூடிவிடுகிறது. இவ்வளவு நல்ல சோமென் வாங்கிவிட்டுச் சாற்றில் சிக்கனம் பிடிப்பது எனக்கு மனசு ஒப்பாத காரியம்.

வீட்டில் செய்ய, வடிசாறு 4 பங்கு, சோயா சாஸ் 1, மிரின் என்னும் இனிப்பு அரிசி மது 1. வடிசாற்றுக்கு, அரை லிட்டர் தண்ணீரில் 5 கிராம் கோம்பு கடற்பாசியை அரை மணி நேரம் ஊறவைத்து மிதமான தீயில் ஏற்றுங்கள். ஓரத்தில் சிறு குமிழி வரத் தொடங்கியதும், கொதிக்கும் முன்பே, கோம்புவை எடுத்துவிட வேண்டும். கொதித்தால் கொழகொழப்பும் பாசி வாடையும் இறங்கும். பிறகு ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, 15 கிராம் கட்சுவோபுஷியைப் போடுங்கள். இது சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்திச் சீவியது. நம் மாசிக் கருவாட்டுக்குச் சொந்தம் என்றே சொல்லலாம். அதற்காக மாசியைத் தூளாக்கிப் போட்டால் வாசனை தூக்கலாகிச் சாறு கருவாட்டுக் குழம்பின் பக்கம் சாய்ந்துவிடும். இரண்டு நிமிடத்தில் வடிகட்டுங்கள், பிழிய வேண்டாம். பிழிந்தால் கசப்பு வரும்.

வேறொரு சட்டியில் 100 மில்லி மிரினை ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் சாராய நெடி போகும். அதில் 100 மில்லி சோயா சாஸ், பிறகு 400 மில்லி வடிசாறு; ஒரு கொதி வந்ததும் இறக்கி, சட்டியோடு ஐஸ் தண்ணீரில் வைத்து ஆறவிடுங்கள். ஐந்து பேருக்குக் காணும். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் நிற்கும். டாட்சுனோ, வெளிர் நிறச் சோயா சாஸ் பிறந்த ஊரும்கூட. அதைப் பயன்படுத்தினால் நிறம்தான் வெளிரே தவிர உப்பு அதிகம், 90 மில்லியோடு நிறுத்துங்கள். மிரினில் அசல் சரக்குக்குச் சுமார் 14 விழுக்காடு ஆல்கஹால் உண்டு. வேண்டாதவர்கள் அதற்குப் பதிலாக 20 கிராம் சர்க்கரையும் 80 மில்லி தண்ணீரும் சேர்க்கலாம். பளபளப்பு குறையும், ருசி கெடாது.

சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோமெனில் மீன் இல்லை, ஆனால் புட்டிச் சாறு ஏறக்குறைய எல்லாவற்றிலும் மீன் உண்டு. 'கோம்பு சாறு' என்று பெரிய எழுத்தில் போட்ட புட்டியிலும் சிறிய எழுத்தில் மீன் இருக்கலாம். வீட்டிலேயே 600 மில்லி தண்ணீரில் 10 கிராம் கோம்பு, நான்கு உலர்ந்த ஷீட்டாகே காளான் போட்டு இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் ஊறவிடுங்கள். வெந்நீரில் ஊறவைத்தால் சீக்கிரம் மெதுவாகும், ஆனால் சுவை தட்டையாகிவிடும். குளிரில் மெல்ல ஊறினால்தான் காளானின் ஆழமான ருசி இறங்கும். ஊறிய காளானை மெல்லியதாக அரிந்து, சோயா சாஸ், மிரின், கொஞ்சம் சர்க்கரையில் சுண்டவைத்தால் மேலே போட அருமையான துணை.

மற்ற துணைகளில் துருவிய இஞ்சியும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளும் கட்டாயம். ஷிசோ இலை, இஞ்சி இனத்துப் பூமொட்டான மியோகா இரண்டும் கோடைக்கே உரிய வாசனை. வெண்டைக்காயும் உண்டு! ஜப்பானியரும் அதை 'ஒகுரா' என்றே சொல்கிறார்கள். ஒன்றரை நிமிடம் வேகவைத்து நட்சத்திர வில்லைகளாக அரிந்து சாற்றில் போட்டால், நாம் போக்கப் பாடுபடும் அந்தக் கொழகொழப்பே சாற்றை இழையில் பிடித்து நிறுத்துகிறது. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் சாற்றில் கொட்டாமல், ஒவ்வொரு வாய்க்கும் ஒன்றாக மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

மிஞ்சிய சோமென் கட்டிபட்டுவிடும், குளிரவைத்து மறுநாள் தொட்டுச் சாப்பிட உதவாது. சூடான வடிசாற்றில் போட்டு நியூமென் ஆக்கலாம். வறுவலாக ஓக்கினாவாவின் சம்புரு செய்வதென்றால் அதற்கென்றே தனியாக ஒரு நிமிடம் மட்டும் வேகவைத்து, கழுவி வடித்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிசறி வையுங்கள். வாணலியில் ஒரு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. முழுதாக வெந்ததை வறுத்தால் களியாகிவிடும்.

பொட்டலத்திலோ மரப்பெட்டியிலோ 'ஹினே' என்று எழுதியிருந்தால் பழைய சரக்கு என்று ஒதுக்காதீர்கள். கிடங்கில் ஓராண்டு வைத்து, ஒரு மழைப்பருவம் கடந்து முற்றியது அது. எண்ணெய் வாடை தணிந்து, கடி இன்னும் இறுகியிருக்கும். வேகும் நேரத்தில் சில விநாடி கூடுதலாகக் கேட்கும். ஆனால் அது கிடங்குக்காரர்களின் கைவேலை, வீட்டு அலமாரியில் முற்றவைக்கலாம் என்று பார்க்காதீர்கள். சோமென் பக்கத்திலிருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும். மசாலா டப்பா, ஊதுபத்தி, சலவைத்தூள் எதனருகிலும் வேண்டாம். பிரித்த பொட்டலத்தைக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு ஈரமில்லாத இடத்தில் வைத்து, அந்தக் கோடையிலேயே தீர்த்துவிடுங்கள்.

தடித்த உடான் நூடுல்ஸ் மாதிரி மென்று தின்ன ஆசைப்படுபவர்களுக்கு இது சரிவராது. அவர்கள் டோக்குஷிமாவின் தடித்த ஹண்டா சோமெனைத் தேடலாம். டாட்சுனோ பக்கம் போக வாய்த்தால் 'பாச்சி' என்ற பொட்டலத்தைக் கேளுங்கள். இழுக்கும்போது கோலில் வளைந்து தடித்துப்போன நுனிகளை வெட்டி விற்கிறார்கள். மிசோ என்னும் புளித்த சோயா விழுதில் செய்த சூப்பில் போட்டால் அந்தத் தடிப்பே ருசி.