திறக்காத ஆவணம்: எந்த வழியை முதலில் பிடிப்பது?

தங்கச்சிமடத்தில் தட்டச்சும் ஜெராக்ஸும் செய்து கொடுக்கும் சிறிய கடை என்னுடையது. ஜூன் 14 நெருங்கினால் கடையில் நிற்க இடம் இருக்காது. ஏப்ரல் 15-இல் தொடங்கிய 61 நாள் மீன்பிடித் தடை அன்றோடு முடிகிறது. படகு வைத்திருப்பவர்கள் மனு, பட்டியல், உறுதிமொழி என்று ஏதாவது ஒன்றை அச்செடுக்க பென் டிரைவும் கையுமாக வருவார்கள். ஃபோல்டரில் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, இரண்டு முறை சொடுக்கினால் மட்டும் திறக்கவில்லை என்ற பேச்சு அந்த நாட்களில் தினமும் கேட்கும்.

இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். நிரலை அழித்துவிட்டு மறுபடி நிறுவு என்பார் ஒருவர். வலப்பக்கம் சொடுக்கி வேறு நிரலில் திற என்பார் இன்னொருவர். இணையத்தில் ஏற்றிப் பார் என்பவர்களும் உண்டு. கடையில் ஒரு கணினி லினக்ஸ், இன்னொன்று விண்டோஸ். இரண்டிலும் ஆவணங்களைத் திறக்கவும் திருத்தவும் உதவும் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச நிரல் தொகுப்பு இருக்கிறது. எல்லா வைத்தியத்தையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கோப்பு மேலாளரை, அதாவது ஃபோல்டர்களைக் காட்டும் நிரலை, மூடிவிட்டு, நிரலை மெனுவிலிருந்து தனியாகத் திறந்து, அதன் உள்ளிருந்து அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பதுதான் முதல் வேலை. இதுவே மருந்தாகிவிடாது. நோய் எங்கே இருக்கிறது என்பதை ஒரு நிமிடத்தில் காட்டிவிடும்.

உள்ளிருந்து திறந்தால் ஆவணம் நன்றாக இருக்கிறது, நிரலும் நன்றாக இருக்கிறது. கோப்பு மேலாளர் இரண்டையும் இணைக்கும் இடத்தில்தான் பிழை. நிரலே எழவில்லை என்றால் ஆவணத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம். லிப்ரே ஆபீஸ் முன்பு மூடும்போது சிக்கிக்கொண்டு, திரையில் தெரியாமல் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். நாம் சொடுக்கும் ஒவ்வொரு கோப்பும் அந்தச் சிக்கிய நிரலிடமே போய்ச் சேர்கிறது, பதில் வருவதில்லை. ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பணி மேலாளரில் அதை முடித்துவிட்டால் அடுத்த சொடுக்கிலேயே திறக்கும். நிரல் எழுந்து இந்த ஒரு கோப்பை மட்டும் மறுத்தால், கோப்பையோ அது இருக்கும் இடத்தையோ பார்க்க வேண்டும்.

மறுநிறுவலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முந்நூறு எம்.பி.க்கு மேல் பதிவிறக்க வேண்டும். காற்று பலமாக அடிக்கும் நாளில் எங்கள் ஊர் இணைப்பில் அது அரை நாள் வேலை. இறக்கி முடித்தாலும், எந்தக் கோப்பை எந்த நிரல் திறக்க வேண்டும் என்ற உங்கள் தேர்வும் லிப்ரே ஆபீஸின் பழைய அமைப்புகளும் உங்கள் சொந்த ஃபோல்டருக்குள் அப்படியே கிடக்கும். நிரலை நீக்கினால் அவை போவதில்லை. பழுது அங்கே இருந்தால் புது நிரலும் அதே பழுதோடுதான் எழும். அமைப்புகள் மேல் சந்தேகம் வந்தால் லிப்ரே ஆபீஸின் உதவி மெனுவில், உங்கள் அமைப்புகளை ஒதுக்கிவைத்துத் திறக்கும் பாதுகாப்பு முறை என்று ஒன்று இருக்கிறது. அதில் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

‘இதனுடன் திற’ என்ற வழி இதைவிட எவ்வளவோ மேல். வேர்டு ஆவணமான டாக்எக்ஸ் கோப்பைச் சொடுக்கினால் எக்ஸ்எம்எல் என்ற பெயரில் ஏதேதோ கோப்புகளின் பட்டியல் வருகிறது என்று பயந்துபோய் வருபவர்கள் உண்டு. கோப்பு கெட்டுப்போகவில்லை. ஆபீஸ் 2007-உடன் வந்த டாக்எக்ஸ் உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய ஒரு ஜிப் பொதி. கோப்பின் உள்ளே முதல் இரண்டு எழுத்துகள் பி, கே. ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள். ஜிப் பிரிக்கும் நிரலின் பெயரில் அது பதிவாகிவிட்டதால் அந்த நிரல் பொதியைப் பிரித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். லிப்ரே ஆபீஸின் எழுத்து நிரலான ரைட்டரைத் தேர்ந்தெடுத்து, ‘எப்போதும்’ என்பதையும் குறித்துவிட்டால் முடிந்தது. ஆனால் நிரல் திறக்கிறது, ஆவணம் மட்டும் வரவில்லை என்றால் இந்த வழி கைகொடுக்காது. லினக்ஸில் நிரலுக்கான மெனுப் பதிவில் கட்டளையின் கடைசியில் விழுக்காட்டுக் குறியும் யூ அல்லது எஃப் எழுத்தும் இருக்க வேண்டும். அந்த இடத்தில்தான் கோப்பின் முகவரி போய் உட்காரும். யாராவது கையால் எழுதும்போது அதை விட்டிருப்பார்கள். விண்டோஸில் எக்ஸெல் வெறும் சாம்பல் திரையோடு நின்றால், அதன் மேம்பட்ட அமைப்புகளில் ‘பிற நிரல்களின் அழைப்பைப் புறக்கணி’ என்ற பொருளில் உள்ள கட்டத்தில் குறி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கோப்பின் பெயர் முடிவில் டாக் என்பதை டாக்எக்ஸ் என்று மாற்றி எழுதுவதால் ஒன்றும் ஆகாது. உள்ளே இருப்பது பழைய வடிவம்தான்.

இணையத்தில் ஏற்றித் திறப்பது அவசரத்துக்கு உதவும். ஆனாலும் என் கடையில் அதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறேன். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் பழைய கோப்புகளில் பாதி இன்னும் வானவில், பாமினி எழுத்துருக்களில்தான் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஏற்றினால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் கலவையாகத் தெரியும், வந்தவர் கோப்பே போய்விட்டது என்று கலங்கிவிடுவார். அதைவிட முக்கியமான காரணமும் உண்டு. அந்த மனுவோடு ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கின்றன. அடுத்தவருடைய அந்த விவரங்களை என் கணக்கில் ஏற்றி வைக்க எனக்கு உரிமை இல்லை.

பென் டிரைவிலிருந்தே திறப்பதா, கணினிக்குள் நகலெடுத்துத் திறப்பதா என்று கேட்டால், தயங்காமல் நகலெடுங்கள். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில், நிரலைத் தனிக் கூட்டுக்குள் அடைத்து வைக்கும் ஸ்னாப் முறையில் நிறுவிய லிப்ரே ஆபீஸுக்கு வெளிச் சேமிப்பைத் தொட அனுமதி தரப்படாமல் இருக்கலாம். பென் டிரைவில் மறுக்கும் கோப்பு, வீட்டு ஃபோல்டருக்கு வந்ததும் திறந்தால் காரணம் அதுதான். அனுமதியைக் கொடுத்துவிட்டால் பிறகு நேராகவே திறக்கலாம். நகலெடுக்கும்போதே பாதியில் நின்றால் பென் டிரைவின் முனையைப் பாருங்கள். உப்புக் காற்றில் கிடந்த முனையில் பச்சை படிந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு தடைக் கால முடிவில் ஒரு சங்கத்தின் செயலாளர் வந்தார். “தம்பி, நேற்று ராத்திரி சங்கத்தில் தட்டச்சு செய்தபோது நன்றாகத்தான் இருந்தது. இப்போது வேறு யாரோ திறந்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. பென் டிரைவ் என் சட்டைப் பையில்தானே இருந்தது, யார் திறப்பார்கள்?” என்றார். நிரலுக்குள்ளிருந்து திறந்தபோதும் அதே அறிவிப்புதான் வந்தது. அப்படியானால் கோளாறு கோப்பு இருக்கும் இடத்தில். மறைந்த கோப்புகளைக் காட்டும்படி செய்தேன். மனுவின் பக்கத்திலேயே, புள்ளியில் தொடங்கி நடுவில் லாக் என்ற சொல்லோடு # குறியில் முடியும் ஒரு சிறு கோப்பு இருந்தது. எழுத்துத் தொகுப்பியில் திறந்தேன். ஒரே வரி. சங்கக் கணினியின் பெயர், முந்தைய நாள் தேதி, 21:40.

“அண்ணே, ராத்திரி ஒன்பதரை மணிக்கு மேல் கரண்ட் போனதா?” என்று கேட்டேன்.

“போனது. அப்படியே பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.”

லிப்ரே ஆபீஸ் ஓர் ஆவணத்தைத் திறக்கும்போது இந்தப் பூட்டுக் கோப்பை அதன் அருகிலேயே எழுதி வைக்கும், மூடும்போது அழித்துவிடும். மின்சாரம் போனதால் அழிக்க வாய்க்கவில்லை. அதே கணினி என்றால் தன் பழைய பூட்டு என்று தெரிந்து பேசாமல் திறந்திருக்கும். இங்கே கணினி வேறு, அதனால்தான் கேட்கிறது. சங்கத்துக்குத் தொலைபேசியில் பேசச் சொன்னேன். அங்கே கணினி காலையிலிருந்து அணைந்தே இருந்தது. பூட்டுக் கோப்பை அழித்தேன், மனுவை இரண்டு முறை சொடுக்கினேன். மூன்று பக்கமும் வந்தன. கடைசிப் பத்தியில் இரண்டு வரி மட்டும் சேமிக்கப்படாமல் போயிருந்தது. அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்து, அச்செடுத்துக் கொடுத்தேன்.